ஐந்நூறு மரத்துண்டுகளும் நம் ஊர் மழையும்

(நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டாரத்தில் உள்ள சேரங்கோட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கொழுந்து பறித்து, எடை போட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவியதும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பாடத்தில் பிரம்மபுத்திரா வருகிறது, அந்த ஆற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். பேசுகிறேன். ஆனால் பிரம்மபுத்திராவோடு நிறுத்தமாட்டேன். அந்த ஆறு கற்றுக்கொடுக்கிற ஒரு பாடம் சேரங்கோட்டு வாசலில் ஓடுகிற தண்ணீருக்கும் பொருந்தும். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

ஒரு மனிதரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அவர் பெயர் கிந்துப். சிக்கிமைச் சேர்ந்தவர். டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

1880ஆம் ஆண்டு. திபெத்தில் சாங்போ என்றொரு பெரிய ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. இந்தியாவில், அசாமில், பிரம்மபுத்திரா என்றொரு பெரிய ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில், ஆற்றோடு யாரும் கடந்து பார்த்திராத இமயமலை. சாங்போதான் மலையைக் குடைந்து வந்து பிரம்மபுத்திரா ஆகிறதா? அல்லது பர்மாவுக்குப் போய் ஐராவதி ஆகிறதா? அன்றைக்கு அறிஞர்களிடையே இது பெரிய வழக்கு. ஆங்கிலேயருக்குத் திபெத்துக்குள் அனுமதி இல்லை. அதனால் இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் ஹார்மன் என்ற அதிகாரி ஒரு சீன லாமாவையும், அவருக்குத் துணையாளாகக் கிந்துப்பையும் அனுப்பினார். ஆற்றோடு போகும்வரை போங்கள். அதற்கு மேல் முடியாவிட்டால் அடையாளமிட்ட மரத்துண்டுகளை ஆற்றில் விடுங்கள். நாங்கள் அசாமில் ஆள் வைத்துப் பார்க்கிறோம் என்பது ஏற்பாடு.

பாதி வழியில் அந்த லாமா கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கிந்துப் அங்கிருந்து தப்பி ஓடினார். துரத்தி வந்தவர்களிடமிருந்து ஒரு மடத்தின் தலைவர் அவரை விலை கொடுத்து மீட்டார். அந்த மடத்திலேயே வேலைக்கு இருந்தார். நம்மில் யாராக இருந்தாலும் உயிர் தப்பியதே போதும் என்று வீடு திரும்பியிருப்போம். அவர் திரும்பவில்லை. யாத்திரை போகிறேன் என்று விடுப்புக் கேட்டு, காட்டுக்குள் போய், ஒவ்வொன்றும் ஓரடி நீளமாக 500 மரத்துண்டுகளை வெட்டி ஒளித்துவைத்தார். மறுபடி விடுப்புக் கேட்டு லாசாவுக்குப் போய், ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதச் செய்தார். இன்ன நாளிலிருந்து நாளொன்றுக்கு 50 துண்டுகளாகப் பத்து நாள் ஆற்றில் விடுகிறேன் என்று அதில் சொன்னார். திரும்பி வந்து, மடத்தில் இன்னும் பல மாதங்கள் உழைத்து, சொன்ன நாளில் சொன்னபடி 500 துண்டுகளையும் ஆற்றில் விட்டார்.

அந்தக் கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஹார்மன் அதற்குள் இந்தியாவை விட்டே போயிருந்தார், இறந்தும் போனார். அசாமில் ஆற்றங்கரையில் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளும் இல்லை. 500 துண்டுகளும் யார் கண்ணிலும் படாமல் போயின. புறப்பட்டு நான்கு ஆண்டு கழித்து 1884இல் கிந்துப் டார்ஜிலிங் வந்து நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கிந்துப் சொன்னது உண்மை என்று உலகம் ஏற்றுக்கொண்டது. தேடிப் பிடித்து அவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். சில மாதங்களில் அவர் காலமானார்.

பிள்ளைகளே, இந்தக் கதையில் ஒன்றை மட்டும் மனதில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். மேலே அனுப்புகிறவன் ஒழுங்காக அனுப்பினான். ஆறும் ஒழுங்காகக் கொண்டுபோனது. கீழே பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் இன்று பேசப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இப்போது அந்த ஆற்றைப் பார்ப்போம். கயிலை மலைக்குப் பக்கத்தில் ஒரு பனிப்பாறையில் பிறக்கிறது. ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், அதாவது நம் தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்கு உயரத்தில், திபெத்துப் பீடபூமியின்மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. நம்சா பர்வா என்ற 7,782 மீட்டர் சிகரத்தை அடைந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்புகிறது. திரும்பிய இடத்திலிருந்து உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்றின் வழியே சரிந்து அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைகிறது. அங்கே அதன் பெயர் சியாங். பாசிகாட்டில் மலையைவிட்டு வெளியே வந்து, திபாங், லோஹித் என்ற ஆறுகளோடு சேர்ந்த பிறகே பிரம்மபுத்திரா. வங்கதேசத்துக்குள் போனால் ஜமுனா. கங்கையோடு கலந்தபின் பத்மா. கடைசியில் மேக்னா என்ற பெயரில் வங்கக் கடலில் விழுகிறது. ஒரே தண்ணீர்தான், ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. பிறந்த வீட்டில் ஒரு பெயரும் புகுந்த வீட்டில் ஒரு பெயருமாக வாழ்ந்த நம் பாட்டிகளைப் போல.

நீளம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ஆனால் ஓர் ஆற்றை அளக்க நீளம் மட்டும் போதாது. எந்தெந்த நிலத்தில் விழுகிற மழை அந்த ஆற்றுக்கு வந்து சேருகிறதோ அத்தனை நிலமும் அந்த ஆற்றுக்குச் சொந்தம். அதற்குத்தான் வடிநிலம் என்று பெயர். படுகை என்றும் சொல்வார்கள். பிரம்மபுத்திராவின் வடிநிலம் 5,80,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதில் பாதி திபெத்தில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். மிச்சம் பூட்டானிலும் வங்கதேசத்திலும்.

இந்த ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மலையையே கரைத்துக் கொண்டுவருகிறது. இமயமலை வயதில் இளைய மலை. இன்னும் உயர்ந்துகொண்டும் உடைந்துகொண்டும் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. வங்கதேசத்தின் பெரும்பகுதி நிலம் அப்படிக் கரைந்து வந்த மலைதான். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய நாளில், அசாம்-திபெத் எல்லையில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. மலைச்சரிவுகள் இடிந்து ஓடைகளை அடைத்தன. அடைப்பு உடைந்தபோது வெள்ளம் பாய்ந்தது. சரிந்த மண்ணெல்லாம் ஆற்றில் சேர்ந்து, மேல் அசாமில் ஆற்றின் படுகை உயர்ந்தது. ஆறு அகன்று கரையைத் தின்னத் தொடங்கியது. திப்ருகர் நகரத்தின் ஒரு பகுதியே ஆற்றுக்குள் போனது. மாஜுலி என்ற பெரிய ஆற்றுத்தீவு நூறு ஆண்டுகளில் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது.

அந்தக் கரைகளில் இருப்பது யார் தெரியுமா? உங்களைப் போலவே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களும் கூடையைச் சுமந்து, லயத்தில் குடியிருந்து, மழையில் நனைந்து கொழுந்து பறிப்பவர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிறார்கள். எங்கோ மேலே சரிந்த மலை அவர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. நீங்கள் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறீர்கள். உங்கள் வாசலிலிருந்து போகிற தண்ணீர் யாருடைய வாசலுக்கோ போகிறது.

யாருடைய வாசலுக்கு? வாருங்கள், நம் ஆற்றைப் பார்ப்போம்.

உங்களில் எல்லோரும் நாடுகாணிக்குப் போயிருப்பீர்கள். நாட்டைக் காண்கிற இடம் என்பதால் நாடுகாணி. மேகம் விலகிய நாளில் அங்கே நின்று பார்த்தால் மலை அப்படியே சரிந்து கேரளத்து நிலம்பூர் சமவெளியில் முடிவது தெரியும். நாம் நிற்கும் இந்த மலை ஒரு கூரை. கூரைக்கு முகடு இருக்கும். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி இந்தப் பக்கம் வடியும், அந்தப் பக்கம் விழுவது அந்தப் பக்கம் வடியும். முக்குறுத்தி மலையிலிருந்து வரும் பைக்காரா ஆறு வடக்கே இறங்கி மாயாறாகி, முதுமலை வழியே கிழக்கே ஓடி, பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, காவிரியாகி வங்கக் கடலுக்குப் போகிறது. வடக்கே சுல்தான் பத்தேரிப் பக்கம் விழும் மழை கபினிக்குப் போய், அதுவும் கர்நாடகத்தில் காவிரியோடு கலந்து அதே கடலுக்குப் போகிறது. ஆனால் நம் பந்தலூர் வட்டாரத்தின் பெரும்பாலான ஓடைகள் தெற்கேயும் மேற்கேயும் பாய்ந்து சாலியாற்றில் விழுந்து, கோழிக்கோடு அருகே பேப்பூரில் அரபிக் கடலைச் சேருகின்றன. அடுத்தடுத்த மலைமுகடுகளில் விழுகிற மழை இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகிற இடம் இது. பிள்ளைகளே, இந்தியாவின் நீர்ப்பிரிமுகடு பற்றிப் படிக்கும்போது வரைபடத்தில் தேடாதீர்கள்; வாசலுக்கு வந்து நில்லுங்கள்.

சாலியாற்றின் நீளம் 169 கிலோமீட்டர். கேரளத்தின் நான்காவது நீளமான ஆறு. பிறப்பது இளம்பலேரி மலையில், 2,066 மீட்டர் உயரத்தில். வடிநிலம் 2,923 சதுர கிலோமீட்டர்; நம் நீலகிரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் 388 சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த 388இல்தான் நாம் குடியிருக்கிறோம். பிரம்மபுத்திராவைப் போல இதற்கும் பெயர் பல. இங்கே பாண்டியாறு, புன்னம்புழா. கீழே சாலியாறு. கடலுக்குப் பக்கத்தில் பேப்பூர்ப் புழா.

இரண்டு ஆறுகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு. இமயத்து ஆறுகளுக்கு மேலே பனி இருக்கிறது. மழை இல்லாத காலத்திலும் அது உருகிக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கும். நம் மலை மிகப் பழைய மலை. பனிப்பாறை எதுவும் இல்லை. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதை நம் சோலைக்காடும், புல்வெளியும், வயலும், மண்ணும் பிடித்துவைத்துக்கொண்டு தை, மாசி வரை கசியவிட்டால்தான் நிலம்பூரில் கோடையிலும் ஆறு ஓடும். நமக்குப் பனிப்பாறை நம் மண்தான். இன்னொரு வேறுபாடு வேகம். சாங்போவின் தண்ணீர் கடலைக் காண ஒரு துணைக்கண்டத்தையே சுற்றவேண்டும். நம் தண்ணீர் மலை விளிம்பிலிருந்து விழுந்தால் சில மணி நேரத்தில் நிலம்பூர். மேலே நடப்பது கீழே தெரிய இடைவெளி மிகவும் குறைவு.

கிந்துப் 500 துண்டு மரத்தை ஆற்றில் விட்டார். நம் ஆறு கொண்டுபோன மரத்துக்குக் கணக்கே இல்லை. இந்த மலைகளிலும் நிலம்பூரிலும் வெட்டிய தேக்கைச் சாலியாற்றில் மிதக்கவிட்டுத்தான் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். பேப்பூரில் 'உரு' என்ற பெரிய மரக்கப்பல் கட்டுவது அரபு வணிகர்களின் காலத்திலிருந்து வருகிற தொழில். காட்டுத் தேக்கு தீர்ந்துகொண்டே வந்தபோது, மலபார் கலெக்டர் கனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குக் கன்றுகளை நடச் செய்தார். நட்டு வளர்த்த பொறுப்பு சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரியுடையது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

மரம் மட்டுமா போனது? தங்கமும் போனது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவும் பந்தலூரும் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்ட பெயர்கள். பிரவ் ஸ்மித் என்ற நிபுணர் இங்குள்ள பாறைகளில் தங்கம் இருப்பதாக அறிக்கை கொடுத்தார். கம்பெனிகள் குவிந்தன. மலையைக் குடைந்தார்கள். கிடைத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. அந்தச் சுரங்கக் குழிகள் காட்டுக்குள் இன்னும் கிடக்கின்றன. ஆனால் ஆறு அந்த வேலையைப் பல யுகங்களாகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. பாறை தேய்ந்து, தங்கத் துகள் மணலோடு கீழே போகிறது. நிலம்பூர்க் கரைகளில் மரத்தட்டில் மணலை அரித்துத் துகள் துகளாகத் தங்கம் எடுத்த குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. நம் மலையில் இருந்ததுதான் அவர்கள் தட்டில் மின்னியது.

மூன்றாவதாக நம் ஆறு கொண்டுபோனதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது.

சோலாடிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு; முதலில் வடுவஞ்சால், அப்புறம் மேப்பாடி. உங்களில் பலருக்கு அங்கே உறவு உண்டு. பெண் கொடுத்திருக்கிறீர்கள், எடுத்திருக்கிறீர்கள். அங்குள்ள முண்டக்கையும் சூரல்மலையும் நம்மைப் போலவே தேயிலைத் தோட்ட ஊர்கள். நம்மைப் போலவே சாலியாற்றின் தலைமாட்டில் இருந்த ஊர்கள். 2024 ஜூலை 30ஆம் தேதி விடிவதற்கு முன், ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரத்தில் மலை பிளந்து, பாறையும் மண்ணும் மரமும் தண்ணீருமாக ஓடையோடு எட்டுக் கிலோமீட்டர் உருண்டது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீலகிரியிலிருந்து வேலைக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். விடிந்தபோது மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பக்கம் போத்துக்கல்லில் சாலியாற்றங்கரை மக்கள் என்ன நடந்தது என்று தெரியாமலே ஆற்றில் உடல்களைக் கண்டார்கள். தோளில் தூக்கிக் கரை சேர்த்தார்கள். யார், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்கவில்லை. நிலம்பூர் மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸ்கள் வரிசையாகச் சுரம் ஏறி மேப்பாடிக்குத் திரும்பின. ஆறு கீழே கொண்டுபோனவர்களை மனிதர்கள் மறுபடி மேலே கொண்டுவந்தார்கள்.

சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்று என்று நிரூபிக்க 30 ஆண்டுக்கு மேல் ஆனது. வயநாட்டு மலையும் நிலம்பூரும் ஒரே ஆறு என்பது அன்று ஒரே காலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்திருக்க வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா? இருந்தது. கல்பற்றாவில் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு இருக்கிறது. வயநாடு முழுக்க ஏறக்குறைய 200 இடங்களில் மழைமானி வைத்து உள்ளூர் மக்களைக் கொண்டே மழையை அளந்துவருகிறது. 48 மணி நேரத்தில் 57 சென்டிமீட்டர் மழை அந்தப் பகுதியில் பெய்ததாகக் கேரள முதல்வர் பிறகு சொன்னார். பெய்துகொண்டிருக்கும்போதே அந்த மழைமானிகள் அதைக் காட்டின. நிலச்சரிவு வரக்கூடும் என்று அந்த மையம் முந்தைய நாளே எச்சரித்தது. சில குடும்பங்கள் விலகிப் போய்ப் பிழைத்தன. எல்லோருக்கும் அந்தச் சொல் உரிய நேரத்தில் சேரவில்லை. கிந்துப்பின் கடிதம் நினைவுக்கு வருகிறதா?

மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான்? இன்று நாடுகளே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. பிரம்மபுத்திரா திரும்புகிற அந்த வளைவில், 60,000 மெகாவாட் திறனுள்ள நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தைச் சீனா 2025 ஜூலையில் தொடங்கியது. அசாமும் வங்கதேசமும் கவலையோடு பார்க்கின்றன. நமக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. பாண்டியாறு-புன்னம்புழாத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்கே போகும் இந்தத் தண்ணீரைக் கிழக்கே மாயாற்றுக்குத் திருப்புங்கள் என்று பவானிப் பாசன விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அவர்கள் வயலும் காய்கிறது. நிலம்பூர்க்காரர்களுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. யார் தீர்ப்புச் சொன்னாலும், இங்கே எவ்வளவு மழை பெய்கிறது, எவ்வளவு மண் பிடிக்கிறது, எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கணக்குக்கு மேலே இருக்கும் நாம்தான் சாட்சி.

நீங்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். உங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் இலங்கையில் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் நுவரெலியாவிலும் பிறந்தவர்கள். மகாவலி கங்கைக்கும் களனி கங்கைக்கும் தலைமாட்டில் தேயிலை வளர்த்தவர்கள். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் இங்கே வேர்விட்டார்கள். அவர்களுக்கு முன்பே பணியர்களும் காட்டுநாயக்கர்களும் முள்ளுக்குறும்பர்களும் இந்த ஓடைகளுக்குப் பெயர் வைத்து வாழ்ந்துவந்தார்கள். ஆக, இந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லோருமே தலைமுறை தலைமுறையாக ஆறு பிறக்கிற இடத்தில் குடியிருப்பவர்கள்.

உங்கள் பெரியவர்களுக்குக் கான் வெட்டத் தெரியும். சரிவில் விழும் மழை ஒரே பாய்ச்சலாக மண்ணை வாரிக்கொண்டு போகாமல், குறுக்கே வெட்டிய கானில் நிதானமாக நடந்துபோகும். கானில் வண்டல் அடைத்தால் அள்ளிப் போடவேண்டும். அள்ளாவிட்டால் தண்ணீர் தானாக ஒரு வழி தேடும். அந்த வழியில் ஒரு லயம் இருந்தாலும் பார்க்காது. தேயிலைக்கு உரம் போடுவதைவிட முக்கியமான வேலை இது என்று சொல்வேன். கான் அடைத்திருப்பதைக் கண்டால் கங்காணியிடம் சொல்லுங்கள், அதிகாரியிடம் சொல்லுங்கள், ஊராட்சியில் சொல்லுங்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண்ணை வெட்டி எடுக்காதீர்கள். சரிவில் புதிதாக விரிசல் தெரிந்தாலும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினாலும், அது மலை உங்களுக்கு அனுப்புகிற கடிதம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் பள்ளி முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், ஒரு மழைமானி வையுங்கள். விலை அதிகம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சிறியதாகத் தோன்றும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். நம் 388 சதுர கிலோமீட்டரிலும் அதே அளவு பெய்தால் 388 கோடி லிட்டர். நம் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் பெய்வது புதுமையா? பெருக்கிப் பாருங்கள். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் அந்த மழை நிலம்பூரில் எவ்வளவு பெரிய வெள்ளம் என்று தெரியும்.

நாடு முழுவதும் மழையை அளக்கும் நேரம் காலை எட்டரை மணி. தினமும் அந்த நேரத்தில் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மழை பெய்யும், அன்றைக்கும் எழுதுங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சுரத்துக்குக் கீழே சாலியாற்றங்கரையில் ஒரு பள்ளியோடு தொடர்பு ஏற்படுத்திக்கொடுங்கள். அங்குள்ள பிள்ளைகள் ஆற்றின் மட்டத்தை அளக்கட்டும், நம் பிள்ளைகள் மழையை அளக்கட்டும். அவர்கள் மலையாளத்தில் எழுதுவார்கள், இவர்கள் தமிழில் எழுதுவார்கள். எண்கள் இருவருக்கும் புரியும். வானிலைத் துறையின் எச்சரிக்கைக்கு இது மாற்று ஆகாது. அந்த எச்சரிக்கை வரும்போது அது தன் வாசலைப் பற்றியது என்று புரிந்துகொள்கிற மனிதர்களை இது உண்டாக்கும்.

கிந்துப்புக்கு எழுதத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர் கடிதம் மாதக்கணக்கில் மலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. உங்கள் கையில் இருக்கும் செல்போனில் ஒரு நொடியில் போய்விடும். அவருக்குக் கிடைக்காதது கீழே காத்திருக்கும் ஒரு ஆள் மட்டும்தான். அந்த ஆளைத் தேடிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. நாளைக் காலை எட்டரை மணிக்கு முதல் எண்ணை எழுதுங்கள்.